போக்குமா, நிறுத்துமா

ராகலை
2024 ஜனவரி 9

ஜீவராணி,

‘அன்புள்ள’ என்று போட மனம் வரவில்லை. அதனால் போடவில்லை.

உன் நம்பரை ப்ளொக் பண்ணியிருக்கிறேன். நேற்று போனில் நாம் பேசியதற்குப் பேர் பேச்சா? நீ ஒரு பக்கம் கத்த, நான் ஒரு பக்கம் கத்த, மரமஞ்சள் வாங்க வந்த சிங்கள அம்மா ஒருத்தி பயந்துபோய் வெறுங்கையோடு திரும்பிவிட்டாள். இனிமேல் சொல்ல இருப்பதை எழுதியே சொல்கிறேன். எழுத்தில் கத்த முடியாது. முடிந்தாலும் பக்கத்துக் கடைக்குக் கேட்காது.

நேற்று நீ என்னைப் பேச விடவே இல்லை, ஆகவே நடந்ததை முதலிலிருந்து கேள். சனிக்கிழமை வாப்பா ஒரு வலீமா கல்யாண விருந்துக்குப் போய் வந்தார். ஞாயிறு விடிந்ததிலிருந்து வயிற்றோட்டம். மருந்துக்கடை வைத்திருக்கிற வீட்டில் மருந்துக்கா பஞ்சம்? கடையைத் திறந்தேன். கண்ணுக்கு நேரே நீ மருந்து செய்து அனுப்பிய போத்தல். உன் முத்து முத்தான கையெழுத்தில் ‘பேதிக்கு. ஒரு தேக்கரண்டி, வெந்நீரில்.’ நானே என் கையால் கலக்கிக் கொடுத்தேன். நிற்கவில்லையே என்று மத்தியானம் இன்னொரு கரண்டியும் கொடுத்தேன். பின்னேரம் மனிசனால் எழும்பி நிற்க முடியவில்லை. தம்பி நிப்ராஸ் த்ரீவீலரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை கேட்டாள், “என்ன குடுத்தீங்க?” என்று. ராணி, நான் ஊரெல்லாம் மருந்து விற்கிறவள், திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். போத்தலில் உள்ளே என்ன இருக்கிறது என்று நீ ஒரு சொல் எழுதவில்லை. அதில் நிலாவரை இலை இருக்கிறது என்பதே நேற்று நீ கத்தும்போதுதான் எனக்குத் தெரியும். வயிற்றைக் கழுவ என்று எங்கள் கடையில் மூட்டையில் விற்கிற இலை! அந்தப் பேரைப் பார்த்திருந்தால் என் கை அந்தப் பக்கம் போயிருக்குமா?

வாப்பா இன்னும் வார்டில்தான். சேலைன் ஏறுகிறது. நிப்ராஸ் சொல்லிவிட்டான், “அந்த மனிசிட சாமான் ஒண்டும் இனி கடை ராக்கையில வைக்கப்படாது” என்று. அவன் சொன்னதால் இல்லை, எனக்கே கை கூசுகிறது. உன் போத்தல்களையெல்லாம் பெட்டியில் அடுக்கி ஜெயகாந்தனுடைய மரக்கறி லொறியில் அனுப்புகிறேன். பதில் போட வேண்டுமானால் அதே லொறியில் போடு. போடாவிட்டாலும் பரவாயில்லை.

ரஸீனா


மஸ்கெலியா
2024 ஜனவரி 13

ரஸீனா அவர்களுக்கு,

பெட்டி கிடைத்தது. போத்தல் எதுவும் உடையவில்லை. ஜெயகாந்தன் அண்ணன் கோவா, கரட் மூட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். நல்ல மனிதர்.

‘பேதிக்கு’ என்று எழுதியது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் ஒருத்தர் “பேதிக்குக் குடிச்சேன்” என்று சொன்னால், வயிற்றைக் கழுவ மருந்து குடித்தார் என்று அர்த்தம். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். வயிற்றால் போகிற மனிதருக்குப் பேதிக்குக் கொடுத்தது நீங்கள். எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டு, எண்ணெய் ஆட்டியவளை ஏசுகிறீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாததை ஒரு குற்றமாகச் சொன்னீர்கள். மட்டக்களப்பில் ஒரு சித்த மருந்துச்சாலையின் அடுப்படியில் நின்று வெந்து கற்றுக்கொண்டது அந்தக் கைப்பக்குவம். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதைக் காகிதத்தில் எழுதி போத்தலில் ஒட்டி உங்கள் தம்பி கையில் கொடுத்தால், அடுத்த மாதமே அவர் இடித்துச் சலித்து அவர் பேரில் விற்பார். மாட்டார் என்று நீங்கள் சத்தியம் செய்வீர்களா?

இந்தச் செய்தி எப்படியோ இங்கேயும் வந்துவிட்டது. மஸ்கெலியாக் கடைக்காரர் என் போத்தல்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். “கொஞ்ச நாளைக்குப் பாப்போம் தங்கச்சி” என்றார். கொஞ்ச நாள் என்றால் எனக்குத் தெரியாதா? ஹட்டனில் ஓர் ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்திருக்கிறேன். குவைத்தில் வீட்டு வேலை. அங்கே என்னிடம் யாரும் மருந்து கேட்கமாட்டார்கள், என்னால் யாருக்கும் எதுவும் ஆகாது.

உங்கள் தகப்பனார் இப்போது எப்படி இருக்கிறார் என்பதை எழுதவும்.

இப்படிக்கு,
செ. ஜீவராணி


ராகலை
2024 ஜனவரி 19

ராணி,

‘ரஸீனா அவர்களுக்கு’! பிரதேச சபைக்கா மனுப் போடுகிறாய்? ஹட்டன் தையல் வகுப்பில் ஒரே மெஷினில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு தலையணை உறையைக்கூட ஒழுங்காகத் தைக்காமல் சிரித்துக்கொண்டு கிடந்தோமே, அப்போது எங்கே போனது இந்த ‘அவர்கள்’? ‘உங்கள் தகப்பனார்’ வேறு. நோன்புப் பெருநாளைக்கு வந்து அவர் கையால் வட்டிலப்பம் வாங்கித் தின்ற வாய்தானே?

உங்கள் தகப்பனார் வீட்டுக்கு வந்துவிட்டார். அல்லாஹ் காப்பாற்றினான். கஞ்சி குடிக்கிறார், கடைக்கு வருவேன் என்று அடம்பிடிக்கிறார். நான் உன்னை ஏசிக்கொண்டிருந்தபோது நேற்று சொல்கிறார்: “அந்தப் புள்ளைய ஏசாத மகள். வயிறு இப்ப வெள்ளையடிச்ச வீடு மாதிரி ஈக்கிது.” நிப்ராஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் சிரிக்கவில்லை. அவனுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்கும் ஆறவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் ஒரு வேலை செய்துபார்த்தேன். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும் என்று எழுதியிருந்தாயே, அது என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. பெட்டியில் போடாமல், மருந்தைக் கொட்டிவிட்டு வைத்திருந்த அந்த ‘பேதிக்கு’ போத்தலைக் கடை மேசையில் வைத்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் கேட்டேன், இது எதற்கு மருந்து என்று. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் “வயித்தோட்டத்த நிப்பாட்ட” என்றார். தோட்டத்து மேல்பிரிவிலிருந்து வந்த ஒரு பாட்டனார் “கழுவி விட” என்றார். கூடவே வந்த அவர் மருமகள் “இல்ல மாமா, நிக்கிறதுக்கு” என்றாள். இரண்டு பேரும் என் கடையிலேயே சண்டை. பாடசாலை மாஸ்டர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேதி என்றால் வாந்திபேதி, அதாவது கொலரா, அதற்கெல்லாம் தூள் விற்கக்கூடாது, பொலிஸில் சொல்லிவிடுவேன் என்றார்.

உன்னைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நான் மட்டும் முட்டாள் இல்லை என்று தெரிந்துகொள்.

குவைத் என்று சொல்லி என்னைப் பயமுறுத்தாதே. உனக்கு வெயிலில் தலைவலி வரும்.

ரஸீனா


மஸ்கெலியா
2024 ஜனவரி 25

ரஸீனா,

இன்று போயா, பௌர்ணமி லீவு. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்ததும் மாரியம்மன் கோவிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தேன். உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

நீ கேட்டதுபோல நானும் கேட்டேன். பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் பதிய எல்லோரும் கூடியிருந்தபோது, சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். எல்லோரும் என் பக்கம்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். பெரியவர்கள் பேசினார்கள். சின்னப் பெண்கள் எல்லாம் உன் கட்சி. என் கூடக் கொழுந்து பறிக்கிற நாகலெட்சுமி அக்கா கடைசியில் சொன்னது இது: “பேதின்னா போறது. அவ்வளவுதான் புள்ள. போறத நிப்பாட்டவா, போகாதத போக வைக்கவான்னு நீயில்ல சொல்லணும்?” எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அதன் பிறகு கொழுந்து பறிக்கும்போதெல்லாம் இதே யோசனை. இருமல் மருந்து இருமலை நிறுத்தும். தூக்க மருந்து தூக்கத்தைக் கொண்டுவரும். காய்ச்சல் மருந்து காய்ச்சலைப் போக்கும். பசி மருந்து பசியைக் கொடுக்கும். சொல் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஒன்று கொண்டுவருகிறது, ஒன்று விரட்டுகிறது. இத்தனை வருடம் மருந்து இடித்தும் எனக்கு இது உறைக்கவே இல்லை. நமக்குப் பழகின மருந்து என்றால் கேட்காமலே புரிகிறது. பழகாத மருந்து என்றால் போத்தல்தான் பேச வேண்டும், இல்லையா?

இதெல்லாம் இப்போது பேசி என்ன பயன்? குவைத் பயமுறுத்தல் இல்லை, ரஸீனா. மெடிக்கல் முடிந்துவிட்டது. மார்ச் முதல் கிழமை போக வேண்டும். கொழும்பில் கடையில் நிற்கிற என் வீட்டுக்காரரும் போனில் சரி என்றுதான் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு, எப்போது திரும்புவாய் என்று மூன்று தரம் கேட்டார். அந்தப் போனும் போன கிழமை கொழுந்து பறிக்கிற மலையில் விழுந்து உடைந்துவிட்டது. ஆகவே நீ ப்ளொக்கை எடுத்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மருந்து அரைக்கிற கல்வத்தை அக்கரப்பத்தனையில் ஒருவர் கேட்கிறார். மட்டக்களப்பிலிருந்து நான் மடியில் வைத்துக் கொண்டுவந்த கல். குவைத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாதே. கொடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன்.

ஜீவராணி


ராகலை
2024 ஜனவரி 29

ராணி,

கல்வத்தைக் கொடுக்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மிச்சக் கடிதத்தைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கல்லைக் கொடுத்தால் நான் லொறி ஏறி வந்து உன் லயத்து வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பேன்.

உண்மையாகவே போகிறாயா? நீ சும்மா சொல்கிறாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாப்பாவிடம் சொன்னேன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அவ போக நீயும் ஒரு காரணம்” என்றார்.

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். உன் இருமல் மருந்து, தூக்க மருந்துக் கதையைப் படித்துவிட்டு யோசித்தது. கொழும்பிலிருந்து எங்களுக்கு வருகிற மருந்துச் சரக்கு மூட்டைகளில் சில வேளை துண்டுத் தாள் இருக்கும். ஒன்றில் ‘சிறுநீர்பெருக்கி’ என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்து மோதினாரும் பாட்டனாரும் சண்டை பிடிக்க முடியுமா? பெருக்கி என்றால் பெருக்கும். அவ்வளவுதான். சொல்லுடைய வாலிலேயே வேலை இருக்கிறது. மருந்துச்சாலையில் இந்த மாதிரிச் சொற்கள் உனக்குச் சொல்லித் தந்திருப்பார்களே? எழுதி அனுப்பு. எல்லாப் போத்தலுக்கும் புது லேபிள் அடிப்போம்.

நிப்ராஸிடம் பேசிப் பார்த்தேன். அவனுடைய பெண்சாதி ஸில்மியா இத்தனை வருடத்துக்குப் பிறகு முழுகாமல் இருக்கிறாள், அதனால் ஆள் இப்போது கொஞ்சம் பூப்போல இருக்கிறான். ஆனால் ஒன்றில் மட்டும் மசியவில்லை. “உள்ளுக்கு என்ன ஈக்கிதெண்டு எழுதினா வைப்பேன். எழுதாட்டி ராத்தா, நீங்க சொன்னாலும் வைக்கமாட்டேன்.” அக்கா என்ற மரியாதையெல்லாம் அதோடு சரி.

அவன் திருடமாட்டான் என்று சத்தியம் செய்யச் சொன்னாய். என் தம்பிக்காக நான் சத்தியம் செய்யமாட்டேன், எனக்காகச் செய்கிறேன். அவன் அப்படிச் செய்தால் அந்தக் கடையில் நான் நிற்கமாட்டேன். போதுமா?

சொற்களை அனுப்பு.

ரஸீனா


மஸ்கெலியா
2024 பெப்ரவரி 6

அன்புள்ள ரஸீனா,

நீ கேட்ட சொற்கள். போகுமுன் உனக்கு இதையாவது கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நீ சொன்ன வால்தான் சரி. பெருக்கி, அகற்றி, இளக்கி, தூண்டி, ஆக்கி. இந்த வால்களைப் பிடித்துக்கொண்டால் மருந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். பொல்பலா என்று சிங்களத்தில் கேட்டு வாங்கிப் போகிறார்களே, அது சிறுநீர்பெருக்கி. ஆடாதோடை கோழையகற்றி. நெஞ்சில் கட்டியிருக்கிற சளியை வெளியே தள்ளும். அதனால்தான் குடித்த முதல் நாள் இருமல் கூடின மாதிரி இருக்கும், ஆட்கள் பயந்து நிறுத்திவிடுவார்கள். இருமல் மருந்து என்று எழுதினால் ஏமாந்துபோவார்கள், கோழையகற்றி என்றால் புரிந்துகொள்வார்கள். கொத்தமல்லியும் இஞ்சியும் வியர்வைபெருக்கி. குடித்துவிட்டுப் போர்த்திக்கொள்ள வேண்டும், குளிர்காற்றில் நிற்கக்கூடாது. அதிமதுரம் உள்ளழலாற்றி. உள்ளே எரிகிற இடத்தில் ஒரு பூச்சுப் பூசிவிடும். சுக்கு பசித்தூண்டி. அமுக்கரா உரமாக்கி, இளைத்த உடம்பைத் தேற்றும்.

நிலாவரை மலமிளக்கி. அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் போதுமாக இருந்தது. வாப்பாவுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது துவர்ப்பி. மாதுளம் ஓடு, வில்வப் பிஞ்சு, அதுவும் இல்லையென்றால் பால் விடாத சாயத் தேயிலை. துவர்ப்பு எதையும் சுருக்கிப் பிடிக்கும். தேயிலைக்கு நடுவில் குந்திக்கொண்டு அவருக்கு நிலாவரை கொடுத்திருக்கிறோம், நாம் இரண்டு பேரும்.

இன்னொன்று உண்டு, ருதுவுண்டாக்கி. நின்றுபோன தீட்டை வரவைக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு இந்தப் பேர் போட்ட எதையும் கண்ணில்கூடக் காட்டக்கூடாது. இதைச் சிவப்பு மையில் எழுது.

செய்முறையையும் போத்தலில் போடு. குடிநீர் என்றால் எட்டுப் பங்குத் தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சியது, இரண்டாம் நாள் வைக்கக்கூடாது. சூரணம் என்றால் இடித்துத் துணியில் சலித்த தூள். லேகியத்துக்கு மருந்துச்சாலையில் இளகம் என்பார்கள். எனக்குப் பிடித்த சொல் அது.

சேர்மானத்தை மட்டும் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் சத்தியத்தை நம்புகிறேன். ஆனாலும் பேனாவை வைத்தால் கை ஓடவில்லை. குவைத்தில் ஒருவேளை எதுவும் சரிவராமல் திரும்பி வந்தால், அப்போது என்னிடம் ஏதாவது இருக்க வேண்டாமா?

மகள் சுலக்ஷனா இப்போது தன் ஸ்கூல் கவுனைத் தானே தோய்த்துக் காயப்போடுகிறாள். தலையையும் தானே பின்னிப் பழகுகிறாள். நான் செய்யச் சொல்லவில்லை. வகிடு கோணலாகப் போகிறது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

உன்,
ராணி


ராகலை
2024 பெப்ரவரி 11

ராணி,

இதை லயத்துக்கே வந்து உன் கையில் கொடுக்கச் சொல்லி ஜெயகாந்தனிடம் சொல்லியிருக்கிறேன். மலையில் நின்றாலும் கூப்பிட்டு வாங்கிப் படி. லொறியை நிறுத்தி வைத்து உடனே பதில் போடு. உன் போனுக்கும் எடுத்துப் பார்த்தேன். ப்ளொக்கை எப்போதோ எடுத்துவிட்டேன், உன் போன்தான் செத்துக் கிடக்கிறதே.

பெட்டியில் நான் திருப்பி அனுப்பியதில் ஒரு போத்தல் போகவில்லை. ஸில்மியா முன்பே வீட்டுக்கு எடுத்துப்போய் அலுமாரியில் வைத்திருந்தாளாம். கறுப்பாக, பாகு மாதிரி ஓர் இளகம். உன் எழுத்தில் ‘பெண்களுக்கு. காலை மாலை நெல்லிக்காய் அளவு.’ அவளுடைய மாமி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, “பொம்புளைகளுக்கெண்டுதானே போட்டீக்கிது, புள்ளத்தாச்சிக்கு ஒடம்பு தேறும், தின்னு” என்று சொல்லியிருக்கிறாள். இன்று காலையில் அவள் அதை உருட்டிக் கையில் வைத்திருக்கிறாள், நான் எதற்கோ வீட்டுக்குள் போகிறேன்.

உன் கடைசிக் கடிதத்தைப் படிக்காமல் இருந்திருந்தால் நானும், தின்னு மகள், நல்லது என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ராணி, சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நீ சிவப்பு மையில் எழுதச் சொன்ன சொல்தான் என் நெஞ்சில் வந்து இடித்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தட்டிவிட்டேன். ஸில்மியா பயந்து அழுதுவிட்டாள். இன்றைக்கு ஒரு துளியும் வாய்க்குள் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

முன்பு எப்போதாவது தின்றாளா என்று கேட்டால் அழுகைதான் பதில். இப்போது போத்தல் என் முன்னால் இருக்கிறது. மோந்து பார்த்தேன். சதகுப்பை வாசம் வருகிறது. கருஞ்சீரகமும் இருக்கிற மாதிரி இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கும் நாங்கள் சதகுப்பை கொடுக்கிறோம்தானே? இது உரமாக்கியா, அந்த மற்றதா? எனக்குத் தெரியவில்லை. நிப்ராஸ் முகம் வெளுத்துப்போய்ப் பக்கத்தில் நிற்கிறான். “கேளுங்க ராத்தா, அவங்களுக்கு மட்டுந்தானே தெரியும்” என்கிறான்.

அவன் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நீ போய்விட்டால் உன் கையால் செய்த ஒவ்வொரு போத்தலும் ஊமை. நான் யாரிடம் கேட்பேன்? எனக்கு ஏசுவதற்கும் வேறு ஆள் இல்லை, கேட்பதற்கும் வேறு ஆள் இல்லை. போகாதேடி.

சீக்கிரம் எழுது.

ரஸீனா


மஸ்கெலியா
பெப்ரவரி 11, மத்தியானம்

ரஸீனா,

ஸில்மியா அதைத் தொடவே கூடாது. அது ருதுவுண்டாக்கி.

சேர்மானம்: சதகுப்பை, கருஞ்சீரகம், மரமஞ்சள் மூன்றும் சம பங்கு. எள் இரண்டு பங்கு. பனங்கட்டிப் பாகு. கடைசியில் நல்லெண்ணெய். வேறு எதுவும் இல்லை. ஒன்றையும் மறைக்கவில்லை.

தெரியாமல் ஓர் உருண்டையாவது முன்பு தின்றிருந்தால், வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் இந்தக் காகிதத்தை அப்படியே காட்டு. போத்தலைக் குழி தோண்டிப் புதை. ராக்கையிலோ வீட்டிலோ என் எழுத்தில் வேறு எது இருந்தாலும் எடுத்துப் பூட்டி வை, நான் சொல்லும்வரை யாருக்கும் கொடுக்காதே.

முழங்காலில் வைத்துக் கிறுக்குகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். நான்தான் எழுதுகிறேன், சந்தேகப்படாதே. அண்ணன் லொறியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

ராணி


ராகலை
2024 பெப்ரவரி 13

என் ராணிக்கு,

ஸில்மியா நன்றாக இருக்கிறாள். முன்பு ஒன்றும் தின்னவில்லை, குர்ஆன் மேல் ஆணையாகச் சொல்கிறாள். இருந்தும் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் உன் காகிதத்தைக் காட்டினோம். நர்ஸ் அம்மா படித்துவிட்டு, “இப்பிடி எழுதிக் குடுத்த ஆள இப்பத்தான் பாக்குறேன்” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கருவி வைத்துக் கேட்க வைத்தாள். நிப்ராஸ் வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

வந்ததும் உன் காகிதத்தை என்னிடம் திருப்பித் தந்தான். “இது அவங்கட. எனக்கு வேணாம்” என்றான். அவன் ஒரு எழுத்தும் பார்த்து எழுதி வைக்கவில்லை. இதோ, அதே காகிதம் இந்தக் கவருக்குள் இருக்கிறது. உன்னுடையது உன்னிடமே இருக்கட்டும்.

ராக்கையில் உனக்கு இடம் ஒழித்து வைத்திருக்கிறோம், வாப்பாவே துடைத்தார். ஆனால் இனி உன்னைப் போகாதே என்று சொல்லமாட்டேன். அன்று அவசரத்தில் எழுதிவிட்டேன். உன் பிள்ளையின் படிப்பு, உன் வீட்டுக் கஷ்டம், அதை நீதான் பார்க்க வேண்டும். நீ போனாலும் நான் உன் பக்கம்தான்.

லேபிள் மட்டும் எழுதி அனுப்பிவிட்டுப் போ. முதல் லேபிள் வாப்பாவை விழுத்திய மருந்துக்கு.

உன்,
ரஸீனா


மஸ்கெலியா
2024 பெப்ரவரி 20

அன்புள்ள ரஸீனா,

காகிதத்தை எதற்குத் திருப்பி அனுப்பினாய்? மறுபடி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அது உன் கடையில்தான் இருக்க வேண்டும். கேட்கிற டொக்டருக்கு முன்னால் நீ முழித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

ஹட்டன் ஏஜென்சிக்குப் போய் வந்தேன். வரும் வழியில் ஒரு போனும் வாங்கினேன், பழையதுதான். நம்பர் அதேதான். இனி லொறிக்குக் கடிதம் தரமாட்டோமா என்று ஜெயகாந்தன் அண்ணனுக்குத்தான் கவலை. உன்னோடு கத்துவதற்கு எனக்கும் தொண்டை அரிக்கிறது.

சுலக்ஷனாவைப் பிடித்து உட்கார வைத்து இன்று நானே தலை பின்னிவிட்டேன். வகிடு நேராக இருக்கிறது. ஏன்மா அழுறீங்க என்று கேட்டாள். சுக்குத் தூள் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். உண்மையாகவே இடித்துக்கொண்டுதான் இருந்தேன், கல்வம் இங்கேதான் இருக்கிறது.

லேபிள் கீழே. அச்சுக்குக் கொடுக்குமுன் கடைசி வரிவரை படி.

நிலாவரைச் சூரணம்
மலமிளக்கி
வயிற்றைப் போக்கும். போகிற வயிற்றை நிறுத்தாது.
சேர்மானம்: நிலாவரை இலை, சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம்.
வயிற்றோட்டம் உள்ளவர்களும், வயிற்றில் பிள்ளை உள்ளவர்களும் எடுக்கக்கூடாது.
விற்பவர்: ரஸீனா, ராகலை.
செய்தவர்: ஜீவராணி, மஸ்கெலியா.
சந்தேகம் இருந்தால் செய்தவரைக் கேளுங்கள். ஊரில்தான் இருப்பார்.